முதல் மணிக்கு முன் ஒரு தட்டு உப்புமா: காலை உணவு மாணவருக்கு என்ன தருகிறது?

கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் பேருந்தில் போகிறவர்கள் முள்ளோடையில் மாநில எல்லையைக் கடக்கிறார்கள். எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பேச்சு ஒன்று, சமையல் ஒன்று, பெண் கொடுத்து எடுக்கும் உறவும் உண்டு. பள்ளிக்கூடத்தில் காலையில் கிடைப்பது மட்டும் நீண்ட காலமாக வேறு வேறாக இருந்திருக்கிறது. புதுச்சேரி அரசுப் பள்ளிகளில், ரங்கசாமி முதல்முறை முதலமைச்சராக இருந்த இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளிலேயே, ராஜீவ் காந்தியின் பெயரிலான திட்டத்தில் காலையில் சூடான பாலும் ரொட்டியோ பிஸ்கட்டோ தரும் வழக்கம் வந்துவிட்டது. 2020 நவம்பரில், பெருந்தொற்றுக் காலத்தின் நடுவே, நாராயணசாமி அரசு கலைஞரின் பெயரில் சிற்றுண்டித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அடுத்த பிப்ரவரியிலேயே அந்த அரசு கவிழ்ந்தது. கடலூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் வந்தது அதற்குப் பிறகுதான். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் 1,545 பள்ளிகளுக்காகத் தொடங்கப்பட்ட அத்திட்டம், 2023 ஆகஸ்ட் 25 அன்று திருக்குவளையில் வைத்து மாநிலத்தின் எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. 2024 இல் ஊரகப் பகுதிகளின் அரசு உதவி பெறும் பள்ளிகளும், 2025 இல் நகர்ப்புறத்து உதவி பெறும் பள்ளிகளும் சேர்ந்தன.

பள்ளியில் சோறு போடுவது நமக்குப் புதிதன்று. 1920 இல் சென்னை மாநகராட்சியின் தலைவராக இருந்த பிட்டி தியாகராயர், ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் மாணவர் ஒருவருக்கு ஓர் அணாவுக்கு மிகாத செலவில் சிற்றுண்டி வழங்கத் தீர்மானம் கொண்டுவந்தார். பிரெஞ்சு ஆட்சியின்கீழ் இருந்த புதுச்சேரியில் 1930 முதல் மதிய உணவு தரப்பட்டது. காமராசரின் 1956, எம்.ஜி.ஆரின் 1982 எல்லாம் பலரும் அறிந்தவை. ஆனால் இவையனைத்தும் பெரும்பாலும் மதியத்தைப் பற்றிய ஏற்பாடுகள். காலைப் பசி வீட்டின் பொறுப்பாகவே விடப்பட்டிருந்தது. 2020 ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, சத்தான சிற்றுண்டிக்குப் பிந்தைய காலை நேரம் கடினமான பாடங்களுக்கு ஏற்றது என்று எழுதிவைத்தது. ஆனால் மறு ஆண்டு பெயர் மாற்றி அறிவிக்கப்பட்ட ஒன்றிய அரசின் மதிய உணவுத் திட்டத்தில் காலை உணவு இடம்பெறவில்லை. ஆகவே, காலை உணவு மாணவரின் உடல்நலத்துக்கும் படிப்புக்கும் உண்மையிலேயே உதவுகிறதா என்ற கேள்வி, அரசுகள் பணத்தை எங்கே போடுவது என்ற கேள்வியும் ஆகிறது.

முதலில் உடலின் கணக்கைப் பார்ப்போம். இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டுப் படுக்கும் குழந்தை, காலையில் ஒன்றும் உண்ணாமல் பள்ளிக்கு வந்தால், பன்னிரண்டரை மணி மதிய உணவுவரை அதன் வயிறு பதினாறு மணி நேரத்துக்கு மேல் காலியாக இருக்கிறது. அந்நேரத்தில் மூளைக்கு வேண்டிய சர்க்கரையைக் கல்லீரல்தான் தன் இருப்பிலிருந்து இரத்தத்துக்கு விட்டுக்கொண்டிருக்க வேண்டும். பெரியவர்களின் உடலில் ஓய்வு நிலையில் செலவாகும் ஆற்றலில் மூளையின் பங்கு ஏறத்தாழ ஐந்தில் ஒன்று. ஐந்து வயதுக் குழந்தைக்கோ அது மூன்றில் இரண்டு பங்கை நெருங்குகிறது. குழந்தையின் கல்லீரல் சிறியது, மூளையின் தேவை பெரியது. அதனால் இரவு முழுவதும் பட்டினி கிடந்த பிறகு குழந்தையின் இருப்பு பெரியவர்களுடையதைக் காட்டிலும் விரைவில் குறைகிறது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை வெறும் வயிற்றோடு வந்து பதினொரு மணிக்கு மேசைமீது தலைசாய்த்தால், அதைச் சோம்பல் என்று சொல்வது பொருந்தாது.

இவ்வளவு தெளிவான உடலியல் இருந்தும், ஆய்வுகள் ஒரே குரலில் பேசுவதில்லை. இத்துறையில் வெளியானவற்றில் பெரும்பகுதி, காலையில் சாப்பிடும் பிள்ளைகளையும் சாப்பிடாத பிள்ளைகளையும் வரிசைப்படுத்தி மதிப்பெண்ணை ஒப்பிட்டவை. அவ்வாறு ஒப்பிட்டால் சாப்பிடுகிறவர்கள் முன்னால் நிற்பதில் வியப்பில்லை. காலை ஏழரை மணிக்கு இட்லித் தட்டை இறக்கிவைக்க ஆள் இருக்கும் வீட்டில், இரவு நேரத்தோடு விளக்கை அணைக்கவும், வீட்டுப் பாடத்தைப் பார்க்கவும், மழைக்காலத்தில் குடை எடுத்துக் கொடுக்கவும் ஆள் இருக்கும். மதிப்பெண்ணை உயர்த்தியது இட்லியா, அந்த வீடா என்று அத்தகைய ஆய்விலிருந்து பிரித்தறிய முடியாது. போதாக்குறைக்கு, இத்துறை ஆய்வுகளில் பலவற்றுக்குக் காலை உணவுத் தானியப் பொட்டலங்களை விற்கும் நிறுவனங்களே பணம் தந்திருக்கின்றன. முடிவுகள் பொய் என்று இதனால் ஆகிவிடாது; எந்தக் கேள்வி கேட்கப்படுகிறது என்பதை யார் தீர்மானிக்கிறார்கள் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்.

எனவே, குழந்தைகளைச் சீட்டுக் குலுக்கியதுபோல் பிரித்து, ஒரு குழுவுக்கு உணவு தந்து, மற்றொன்றுக்குத் தராமல் ஒப்பிட்ட சோதனைகளே நம்பத்தக்கவை. அவற்றில் ஜமைக்காவில் நடந்தவை நம் நிலைக்கு மிக அருகில் வருகின்றன. 1989 இல் வெளியான ஒரு சோதனையில், ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகளை இரவு ஆய்வகத்திலேயே தங்கவைத்து, ஒரு நாள் காலையில் உணவும், மற்றொரு நாள் சர்க்கரைக்குப் பதில் செயற்கை இனிப்பு கலந்த தேநீர் மட்டும் கொடுத்துத் தேர்வு வைத்தார்கள். வயதுக்கேற்ற உயரம் இல்லாத பிள்ளைகளும், முன்பு கடும் ஊட்டக்குறைவுக்கு ஆளாகியிருந்த பிள்ளைகளும் தேநீர் நாளில் சில தேர்வுகளில் பின்தங்கினார்கள். நன்றாக வளர்ந்திருந்த பிள்ளைகளோ பின்தங்கவில்லை. கணக்கில் அவர்களுடைய மதிப்பெண் சற்று கூடியும் இருந்தது. வெறும் டீயோடு அனுப்பிவைக்கப்படும் இரண்டு பிள்ளைகள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாலும் அந்தக் காலை இருவருக்கும் ஒன்றாக இருப்பதில்லை என்பதை இதைவிடத் துல்லியமாகக் காட்டிய சோதனையை நான் படித்ததில்லை.

அதே ஆய்வாளர் குழுவைச் சேர்ந்தவர்கள் அடுத்து ஓராண்டு முழுவதும் சோதனையை நீட்டினார்கள். 16 கிராமப் பள்ளிகளில் 814 பிள்ளைகள். ஒரு பாதிக்குப் பள்ளி நாள்தோறும் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் பாலும். மறு பாதிக்கு ஆரஞ்சுப் பழத்தில் கால் துண்டு. கால் துண்டு கொடுத்ததற்கும் காரணம் உண்டு. அருகில் ஒருவர் வந்து நின்று கவனிப்பதே குழந்தையை உற்சாகப்படுத்திவிடும் என்பதால், கவனிப்பை இரு தரப்புக்கும் சமமாக்கி, உணவின் பங்கை மட்டும் தனியே பிரித்தெடுக்க நினைத்தார்கள். 1998 இல் வெளியான முடிவு இது: உணவு பெற்றவர்களின் வருகை, உயரம், எடை ஆகியவை சிறிதளவு, ஆனால் ஐயத்துக்கு இடமின்றிக் கூடின, இளைய வகுப்புப் பிள்ளைகள் கணக்கில் முன்னேறினார்கள், வாசிப்பிலும் எழுத்திலும் சொல்லிக்கொள்ளும்படியான மாற்றம் இல்லை. நல்ல உடல்நிலையில் இருந்தவர்களுக்கும் ஊட்டம் குறைந்தவர்களுக்கும் இடையே பயனில் வேறுபாடு தென்படவில்லை என்பது முந்தைய சோதனையோடு முழுதாகப் பொருந்தவில்லை. நீண்ட காலப் பயன் ஒரு நாள் பயனைவிட வேறு வழிகளில் வருகிறது என்று இதை நான் புரிந்துகொள்கிறேன்: பிள்ளை அடிக்கடி பள்ளிக்கு வருகிறது, வந்தால் ஏதோ ஒன்றைக் கற்கிறது.

இந்த வரிசையிலேயே நம் ஆசிரியர்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டிய ஒன்று, 1996 இல் வெளியான சிறிய ஆய்வு. சில ஜமைக்கப் பள்ளிகளில் உணவுக்குப் பின் பிள்ளைகள் வகுப்பில் எப்படி நடந்துகொண்டார்கள் என்று உட்கார்ந்து பதிவு செய்தார்கள். இடவசதியும் ஒழுங்கும் இருந்த பள்ளியில் கவனம் கூடியது. நெரிசலும் குழப்பமும் நிறைந்த பள்ளிகளில் பேச்சும் சலசலப்பும்தான் கூடின. தெம்பு வந்த பிள்ளைக்குச் செய்ய வேலை கொடுக்கத் தெரியாத வகுப்பறையில், அந்தத் தெம்பு பக்கத்துப் பிள்ளையை இடிக்கவே பயன்படுகிறது. ஐந்து வகுப்புகளை இரண்டு ஆசிரியர்கள் பார்த்துக்கொள்ளும் நம் தொடக்கப் பள்ளிகளை நினைத்தால், உணவின் பயன் சமையற்கட்டோடு முடிந்துவிடுவதில்லை என்பது விளங்கும்.

இங்கிலாந்தில் 106 பள்ளிகளில் நடந்து 2016 இல் முடிவு வெளியான பெரிய சோதனையும் வேறு வழியாக இதே இடத்துக்கு வந்து சேர்கிறது. பள்ளி தொடங்கும் முன் இலவசக் காலை உணவு தந்த பள்ளிகளில் ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகள் ஓராண்டில் ஏறக்குறைய இரண்டு மாதப் படிப்புக்குச் சமமான கூடுதல் முன்னேற்றம் கண்டார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், காலையில் ஏதோ ஒன்று சாப்பிடும் பிள்ளைகளின் எண்ணிக்கை அங்கே பெரிதாகக் கூடவில்லை. முன்பு வீட்டில் சாப்பிட்டவர்கள் இப்போது பள்ளியில் சாப்பிட்டார்கள், அவ்வளவுதான். ஆனாலும் வகுப்பறை அமைதியானது, பள்ளிக்கு வராமை குறைந்தது, அந்த உணவைத் தொடாத பிள்ளைக்கும் பலன் போய்ச் சேர்ந்தது. நியூசிலாந்தில் 14 பள்ளிகளில் நடந்த சோதனையிலோ பிள்ளைகளின் பசி குறைந்தது, வருகையில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. பெரும்பாலோர் ஏற்கெனவே வீட்டில் உண்டு வரும் நாட்டில், அதிகமாக எதிர்பார்ப்பதற்கும் இடமில்லை.

தமிழ்நாட்டுத் திட்டத்தைப் பற்றி மாநிலத் திட்டக் குழு எடுத்த ஆய்வு, முதற்கட்டத்தின் 1,543 பள்ளிகளில் 1,319 இல் வருகை உயர்ந்ததாகச் சொன்னது. இந்த எண்ணைச் சிலர் வெற்றி முரசாகவும், சிலர் வெறும் விளம்பரமாகவும் எடுத்துக்கொண்டார்கள். எனக்கு இரண்டும் அவசரமாகப் படுகின்றன. திட்டத்துக்கு முன், திட்டத்துக்குப் பின் என்று ஒரே பள்ளியை ஒப்பிட்ட கணக்கு அது. திட்டம் இல்லாத பள்ளிகளில் அதே மாதங்களில் வருகை எப்படி இருந்தது என்பதும் பக்கத்தில் இருந்தால்தான் உப்புமாவின் பங்கைப் பிரித்துச் சொல்ல முடியும். பெருந்தொற்றின் மூடலுக்குப் பிறகு பள்ளிகள் மெல்ல இயல்புக்குத் திரும்பிய காலமும் அதுவே. ஆயினும், வருகை உயர்கிறது என்பது ஜமைக்காவின் முடிவோடு ஒத்துப்போகிறது; அதனால் அதை ஒதுக்கித் தள்ளவும் மனம் வரவில்லை.

கடலூர் மாவட்டத்தில் காலை உணவு ஏன் தவறுகிறது என்று கேட்டால், வறுமை என்ற ஒற்றை விடை போதாது. அரிசி ரேஷனில் கிடைக்கிறது. கிடைக்காதது விடியற்காலையின் இரண்டு மணி நேரம். முதுநகர் துறைமுகத்தில் ஏலம் எடுத்து, கூடையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக விற்கப் போகும் மீன்காரப் பெண், பிள்ளை எழுந்திருக்கும் முன்பே வீட்டை விட்டுக் கிளம்பியிருப்பார். பண்ருட்டிப் பக்கத்து முந்திரிக் கொட்டகைகளில் கொட்டை உடைக்கும் பெண்களுக்குக் கூலி உடைத்த எடைக்குத்தான். தாமதமாகப் போனால் அன்றைய வருமானம் அந்த அளவுக்குக் குறையும். நூறு நாள் வேலைக்குப் போகிறவர் காலையிலேயே வருகைப் பதிவுக்கு நிற்க வேண்டும். சிப்காட் ஆலைகளில் இரவு ஷிப்டு முடிந்து வரும் அப்பா தூங்க வருகிறார், சமைக்க அல்ல. இத்தகைய வீடுகளில் பிள்ளையின் காலை உணவு என்பது மூத்த பெண்பிள்ளையின் வேலையாகிறது. அவளும் பள்ளி மாணவிதான். தம்பிக்குப் பழைய சோற்றில் மோர் ஊற்றிக் கொடுத்துவிட்டுத் தான் ஒரு தம்ளர் டீயோடு கிளம்பும் எட்டாம் வகுப்புப் பெண், எந்தத் திட்டத்தின் கணக்கிலும் வருவதில்லை.

பழைய சோறு என்றதும் சிலர் அதைப் பிற்பட்ட உணவாகவும், வேறு சிலர் அண்மைக் காலமாகச் சகல நோய்களுக்கும் மருந்தாகவும் பேசுகிறார்கள். இரவு முழுவதும் நீரில் ஊறிப் புளித்த சோறு வயிற்றுக்கு இதமானது, வெயில் நாளில் நீர்ச்சத்தும் தருகிறது. சுண்டக்காய்ச்சிய நேற்றைய மீன்குழம்போ, ஒரு துண்டு கருவாடோ, கொஞ்சம் பருப்புத் துவையலோ சேர்ந்தால் அது முழுமையான சாப்பாட்டை நெருங்குகிறது. உப்பும் பச்சை மிளகாயும் மட்டுமென்றால் மாவுச்சத்துக்கு மேல் அதில் அதிகம் இல்லை. உண்மையான இழப்பு டீயும் வறுக்கியும்தான். கடலூரிலும் புதுச்சேரியிலும் தெருமுனைக் கடையின் டீயும் பன்னும் பொறையும் பிள்ளைகளின் காலை உணவாக மாறிவிட்ட வீடுகள் ஏராளம். சர்க்கரையும் மைதாவும் இரத்தச் சர்க்கரையை விரைந்து ஏற்றி விரைந்து இறக்கும். இரண்டாம் பாடவேளையிலேயே பசி திரும்பிவிடும். அதைவிட மோசம், தேயிலையில் உள்ள துவர்ப்புப் பொருள் உணவின் இரும்புச்சத்தைக் குடலில் ஏறவிடாமல் பிடித்துவைத்துக்கொள்வது. 2019–21 இன் தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டின் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தசோகை இருப்பதாகக் காணப்பட்டது. வளரிளம் பெண்களிடமும் நிலைமை ஏறக்குறைய அதுவே.

இரத்தசோகைக்கும் படிப்புக்கும் உள்ள தொடர்பு, காலையில் சாப்பிட்டதா இல்லையா என்பதைவிட ஆழமானது. ஒரு நாள் பட்டினியின் மந்தத்தை அன்றைய மதிய உணவு போக்கிவிடும். மாதக்கணக்கில் இரும்புச்சத்து குறைந்த மூளையின் சோர்வை எந்த ஒரு வேளையும் போக்காது. எனவே காலைத் தட்டில் என்ன இருக்கிறது என்பது முக்கியமாகிறது. தமிழ்நாட்டுத் திட்டத்தில் பிள்ளை ஒன்றுக்கு 50 கிராம் அரிசி, ரவை, கோதுமை ரவை அல்லது சேமியாவும், சாம்பாருக்கு 15 கிராம் பருப்பும், அந்தந்த ஊரில் கிடைக்கும் காய்கறிகளும் என்று அளவு வகுத்திருக்கிறார்கள். உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று நாளுக்கு நாள் மாறும். இதில் முதன்மையான பொருள் சாம்பார் என்பேன். ரவை வயிற்றை நிரப்பும், பருப்பும் காயும்தான் அந்த நிறைவை மதியம்வரை நீட்டிக்கும். கரண்டியில் பருப்பு தட்டுப்படாத நீர்த்த சாம்பார் ஊற்றப்படும் பள்ளியில், காகிதத்தில் உள்ள உணவும் தட்டில் உள்ள உணவும் வேறு வேறு. அதே பள்ளியில் படிக்கும் பிள்ளையின் தாயைச் சுய உதவிக் குழுவின் வழியாகச் சமையலுக்கு அமர்த்த வேண்டும் என்று வகுத்த விதி, கண்காணிப்புக் குழுக்களைக் காட்டிலும் நல்ல காவல் என்று எனக்குத் தோன்றுகிறது.

புதுச்சேரியின் பாலுக்கும் தன் இடம் உண்டு. தரமான புரதம், சுண்ணாம்புச்சத்து, சமைக்கும் சிக்கல் இல்லாத எளிமை ஆகியவை அதன் நன்மைகள். ஆனால் பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. ஒரு தம்ளர் பாலும் இரண்டு பிஸ்கட்டும் பள்ளிக்கு வரும் முன் வீட்டில் ஏதேனும் சாப்பிட்ட பிள்ளைக்கு நல்ல கூடுதல் உணவு, ஒன்றும் சாப்பிடாத பிள்ளைக்கு அரை வேளை. பாகூர் கொம்யூனின் கிராமங்களில் இந்த இரு வகைப் பிள்ளைகளும் ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள்.

காலையில் சாப்பிட்டால் உடல் பருக்காது என்று தனியார் பள்ளிப் பெற்றோரிடையே நிலவும் நம்பிக்கையைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். காலை உணவைத் தவிர்க்கும் பிள்ளைகளிடம் உடல் பருமன் கூடுதலாகக் காணப்படுவது உண்மை. ஆனால் பெரியவர்களிடம் நடந்த சோதனைகளில் காலை உணவைச் சேர்த்ததால் எடை குறைந்துவிடவில்லை. எடைக்காக யாரையும் வற்புறுத்தி உண்ணவைக்க இதில் ஆதாரம் இல்லை.

இதுவரை கண்டவற்றை வைத்துப் பார்த்தால், தமிழ்நாட்டுத் திட்டத்தின் பெரிய இடைவெளி ஆறாம் வகுப்பில் தொடங்குகிறது. ஐந்தாம் வகுப்போடு காலை உணவு நின்றுவிடுகிறது. மதிய உணவு மேலே தொடர்கிறது. காலை உணவைத் தவிர்ப்பதோ வளரிளம் பருவத்தில்தான் கூடுகிறது. உயர்நிலைப் பள்ளி பெரும்பாலும் சொந்த ஊரில் இராது. முதல் பேருந்தைப் பிடிக்க வேண்டும். பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் எட்டு மணிக்கே சிறப்பு வகுப்பு. மாதவிடாய் தொடங்கிய பெண்களுக்கு இரும்புச்சத்தின் தேவை கூடுவதும் இதே வயதில். திங்கட்கிழமை பிரேயரில் மயங்கி விழும் பெண்ணுக்கு முகத்தில் தண்ணீர் தெளித்து, பக்கத்துக் கடையிலிருந்து சோடா வாங்கிக் கொடுப்பதைப் பல தலைமை ஆசிரியர்கள் வழக்கமாகவே ஆக்கிவிட்டார்கள்.

ஆறாம் வகுப்புக்கு மேல் திட்டத்தை நீட்டப் பெரும் நிதி வேண்டும். அந்த முடிவு தலைமைச் செயலகத்தில் எடுக்கப்பட வேண்டியது. நிதி கேட்காத சில காரியங்கள் பள்ளி அளவிலேயே இருக்கின்றன. சிறப்பு வகுப்பு முடிந்து வழிபாடு தொடங்கும் முன் கால் மணி நேரத்தை டிபன் பாக்ஸைத் திறப்பதற்கென்றே ஒதுக்கலாம். வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வர முடிந்தும், சாப்பிட நேரமில்லாமல் மதியம்வரை மூடியே வைத்திருக்கும் பிள்ளைகள் குறைவில்லை. வாரம் ஒருமுறை வளரிளம் மாணவர்களுக்குத் தரப்படும் இரும்புச்சத்து மாத்திரையை வெறும் வயிற்றில் விழுங்கினால் குமட்டலும் வயிற்று வலியும் வரும் என்பதால், உணவுக்குப் பிறகே தர வேண்டும் என்பது விதி. காலை வழிபாடு முடிந்த கையோடு அதைக் கொடுத்துவிடும் பள்ளிகளில், அன்று காலை உண்ணாமல் வந்த பெண்ணுக்குத்தான் வயிற்றைப் பிரட்டுகிறது. அவள் அடுத்த வாரம் மாத்திரையைக் கைக்குட்டைக்குள் முடிந்துவைத்துக்கொண்டு போய் ஜன்னல் வழியே எறிகிறாள். மாத்திரை நாளில் அதை மதிய உணவு வரிசையின் முடிவில் வைத்துக் கொடுத்து, ஆசிரியர் எதிரிலேயே விழுங்கச் செய்வதற்குச் சுற்றறிக்கை ஒன்றும் தேவைப்படாது.